மூன்று மாதக் குளிர்கால முன்கணிப்பை எந்த அளவுக்கு நம்பி ஏற்பாடு செய்யலாம்?

நீங்கள் கேட்டது இது: குளிர்காலம் தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஒரு செய்தி ‘பத்தாண்டுகளில் இல்லாத கடுங்குளிர்’ என்கிறது, இன்னொன்று ‘வழக்கத்தைவிட மிதமான குளிர்’ என்கிறது. வீட்டில் வயதான அம்மா இருக்கிறார், ஜனவரியில் அவரை ஒரு பயணம் அழைத்துப்போகும் யோசனையும் இருக்கிறது. எதை நம்பி ஏற்பாடு செய்வது? எந்தச் செய்தி சரி என்று கேட்பதுபோல இருந்தாலும், யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்றுக்கு எப்படித் தயாராவது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். பருவகால முன்கணிப்பில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை, அதனால் எங்கும் பொருந்துவதைச் சொல்கிறேன். என் முடிவு முதலிலேயே: அம்மாவின் பாதுகாப்புக்கான ஏற்பாட்டை இந்த இரண்டு செய்திகளில் எதை வைத்தும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மூன்று மாத முன்கணிப்புக்கு உண்மையான பயன் உண்டு, ஆனால் அது வேறு இடத்தில்.

நாளைக்கு மழையா என்று சொல்வதும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர் எப்படி இருக்கும் என்று சொல்வதும் வெவ்வேறு வேலைகள். அன்றாட முன்கணிப்பு, காற்று மண்டலம் இந்த நிமிடம் இருக்கும் நிலையிலிருந்து புறப்படுகிறது. எங்கே எவ்வளவு அழுத்தம், எவ்வளவு ஈரம், காற்று எந்தப் பக்கம் என்று அளந்து கணினிக்குக் கொடுத்து, சிறுசிறு இடைவெளிகளாக முன்னே நகர்த்துகிறோம். 1961-ல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் இப்படியொரு எளிய மாதிரியை மறுபடி ஓட்டியபோது, 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் புதிய ஓட்டம் பழையதை ஒட்டியே போனது. அப்புறம் மெல்ல விலகி, கடைசியில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று. கருவிகள் எவ்வளவு நுட்பமானாலும் அளவீட்டில் சிறு பிழை இருந்தே தீரும், அது வளர்ந்து சுமார் இரண்டு வாரத்தில் கணக்கு முழுவதையும் விழுங்கிவிடும். ஆகவே ‘ஜனவரி 14-ஆம் தேதி பனிப்புயல்’ என்று அக்டோபரில் யார் சொன்னாலும் அதைத் தாராளமாக ஒதுக்கிவிடலாம். துறைக்குள் இதில் கருத்து வேறுபாடு கிடையாது.

அப்படியானால் மூன்று மாதத்துக்கு எதை வைத்துச் சொல்கிறோம்? முக்கியமாகக் கடலை வைத்து. காற்று நாளுக்கு நாள் மாறும், கடலின் மேல்மட்ட வெப்பம் மாறப் பல மாதங்கள் ஆகும். நிலநடுக்கோட்டுப் பசிபிக்கின் நடுப்பகுதியில் நீர் சராசரியைவிட அரை டிகிரிக்கு மேல் சூடாகி அந்த நிலை மாதக்கணக்கில் நீடித்தால் எல் நினோ, அதே அளவு குளிர்ந்தால் லா நினா. அரை டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் அத்தனை பெரிய பரப்பில் அந்த மாற்றம் வந்தால் வெப்பமண்டல மழைமேகங்கள் கூடும் இடமே நகர்ந்துவிடும், அதைத் தொடர்ந்து வடக்கே உயரத்தில் வேகமாக ஓடும் மேற்குக் காற்றோட்டத்தின் பாதையும் மாறும். லா நினா குளிர்காலங்களில் மேற்குக் கனடாவும் அமெரிக்காவின் வடமேற்கும் குளிர்ந்திருக்கவும், அமெரிக்காவின் தென்பகுதி வெதுவெதுப்பாகவும் வறண்டும் இருக்கவும் வாய்ப்பு கூடுகிறது. எல் நினோ வந்தால் பெரும்பாலும் தலைகீழ். இலையுதிர் காலத்திலேயே பசிபிக் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடுவதால் சில மாத அவகாசம் கிடைக்கிறது. எல் நினோ, லா நினாவோடு சேர்ந்து பசிபிக்கின் இரு பக்கமும் காற்றழுத்தமும் மாறி மாறி ஏறி இறங்கும், அந்த ஊசலாட்டத்துக்குப் பெயர் வைத்தவர் கில்பர்ட் வாக்கர், 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவர். பருவமழை பொய்ப்பதற்குக் காரணம் தேடப் போனவர் உலகத்தின் குளிர்காலக் கணிப்புக்கே அடித்தளம் போட்டார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கும்.

இப்போது முன்கணிப்பு தயாராகும் மேசைக்கு வாருங்கள். ஐரோப்பிய நடுத்தர கால வானிலை முன்கணிப்பு மையத்தின் பருவகாலக் கணினி மாதிரியை எடுத்துக்கொள்வோம். தொடக்க நிலையில் மிகச் சிறிய வேறுபாடுகள் வைத்து அதை 51 முறை ஓட்டுகிறார்கள். ஓர் ஊரின் வெப்பநிலையைக் கோடாக வரைந்தால், முதல் சில நாட்களுக்கு 51 கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே தடித்த கோடாகத் தெரியும். ஒரு வாரம் கழிந்ததும் இழைகள் பிரியும். மூன்றாவது வாரத்தில் படம் முழுக்க நூல்சிக்கல்தான், ஒரே தேதிக்கு ஒரு கோடு கடுங்குளிர் காட்டும், பக்கத்துக் கோடு இளவெயில் காட்டும். அந்தச் சிக்கலில் ஒரு தனிக் கோட்டைப் பிடித்துக்கொண்டு எழுதப்படுவதுதான் ‘பத்தாண்டுகளில் இல்லாத’ வகைத் தலைப்புகளில் பாதி. நாங்கள் பார்ப்பது வேறு: மூன்று மாதச் சராசரியை எடுத்தால், இந்த 51-ல் எத்தனை வழக்கத்துக்கு மேல், எத்தனை கீழ்?

அந்த விடையை வெளியிடும் முறையில்தான் வாசகர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கடந்த முப்பது ஆண்டுகளின் குளிர்காலங்களை (இப்போது 1991 முதல் 2020 வரை) சராசரி வெப்பநிலைப்படி வரிசைப்படுத்தி மூன்று சம பங்காகப் பிரிக்கிறோம்: குளிரானவை, நடுத்தரம், வெதுவெதுப்பானவை. எதுவுமே தெரியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம். வரைபடத்தில் உங்கள் பகுதிக்கு ‘வழக்கத்தைவிட வெப்பம், 45 சதவீதம்’ என்று போட்டிருந்தால், நடுத்தரத்துக்கு 33, குளிருக்கு 22 என்று பொருள். தாயக்கட்டையின் ஒரு பக்கத்தில் கொஞ்சம் ஈயம் ஏற்றியிருக்கிறது, அவ்வளவுதான். குளிரான குளிர்காலம் வருவதற்கு ஐந்தில் ஒன்றுக்கும் மேல் வாய்ப்பு அப்படியே இருக்கிறது. செய்தி எழுதுபவர் 45-ஐ மட்டும் எடுத்து ‘மிதமான குளிர்காலம்’ என்று தலைப்புப் போட்டுவிடுகிறார். நீங்கள் பார்த்த இரண்டு செய்திகளும் ஒரே வரைபடத்திலிருந்து வந்திருந்தால்கூட நான் ஆச்சரியப்பட மாட்டேன். அடுத்த முறை இப்படியொரு செய்தியைப் பார்த்தால் சதவீதம் எங்கே, எந்தப் பகுதிக்கு, எந்த மாதங்களுக்கு என்று தேடுங்கள். மூன்றும் இல்லையென்றால் அங்கே முன்கணிப்பே இல்லை.

சாய்ந்த கட்டை எதிர்ப்பக்கம் விழுவது அபூர்வமும் இல்லை. 2015-16-ல் மிக வலுவான எல் நினோ வந்தது, தெற்குக் கலிபோர்னியாவின் வறட்சி தீரும் என்று பலரும் காத்திருந்தார்கள், எதிர்பார்த்த மழை வரவில்லை. 2022-23 லா நினா ஆண்டு, கலிபோர்னியா வறண்டே இருக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள், ஆனால் கடலிலிருந்து ஈரக்காற்றுப் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வெள்ளமும் மலையளவு பனியுமாகக் கொட்டின. இதை வைத்து முறையே தப்பு என்று சொல்லிவிடவும் முடியாது. 45 சதவீதம் என்று சொன்ன நூறு தடவைகளில் ஏறக்குறைய 45 தடவை அது நடந்திருந்தால் முன்கணிப்பு நேர்மையானது. ஒரே ஒரு குளிர்காலம் அதை மெய்ப்பிக்கவும் செய்யாது, பொய்யாக்கவும் செய்யாது.

உறுதியானது இதுவரை. இனி சந்தேகத்துக்குரிய பகுதி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் கிழக்கிலும் குளிர்காலத்தைத் தீர்மானிப்பதில் பசிபிக்கைவிட வட அட்லாண்டிக்கின் அழுத்த வேறுபாட்டுக்குப் பங்கு அதிகம். ஐஸ்லாந்துப் பக்கம் தாழ்வழுத்தமும் அசோர்ஸ் தீவுப் பக்கம் உயர்வழுத்தமும் வலுவாக இருந்தால், கடலின் இளஞ்சூட்டைச் சுமந்த மேற்குக் காற்று ஐரோப்பாவுக்குள் வரும். அந்த வேறுபாடு தளர்ந்தால் வடக்கிலும் கிழக்கிலும் இருந்து குளிர் இறங்கும். 2009-10 குளிர்காலத்தில் அது மிக மோசமாகத் தளர்ந்தது, பிரிட்டன் முப்பது ஆண்டுகளில் காணாத குளிரைக் கண்டது. அந்நாட்டு வானிலை அலுவலகம் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை, 2010-ல் பொதுமக்களுக்கான பருவகால முன்கணிப்பை நிறுத்தியும் விட்டது. ஆனால் அங்கேயே 2014-ல் ஒரு முன்னேற்றம் வந்தது. இந்த அட்லாண்டிக் ஊசலாட்டத்தைச் சில மாதம் முன்பே ஓரளவு பிடிக்கலாம் என்று காட்டினார்கள், கணிப்புக்கும் நடந்ததற்கும் தொடர்பு 0.6 அளவில் (முழுப் பொருத்தம் என்றால் 1). நல்ல எண்தான். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு வரும் மாற்றத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே அது விளக்குகிறது.

இன்னொன்று துருவச் சுழல். ஆர்க்டிக்குக்கு மேலே சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் குளிர்காலம் முழுக்கச் சுற்றும் காற்று வளையம் அது. பத்தாண்டில் ஆறு முறை என்ற கணக்கில் அங்கே சில நாட்களுக்குள் வெப்பநிலை 50 டிகிரி வரை திடீரென ஏறிச் சுழல் குலைந்துபோகும். அப்படிக் குலைந்த பிறகு சில வாரங்களுக்கு ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்காவின் சில பகுதிகளுக்குக் குளிர் அலை வரும் வாய்ப்பு கூடுகிறது. 2018 பிப்ரவரி நடுவில் குலைந்தது, மாதக் கடைசியில் ஐரோப்பா உறைந்தது. ஆனால் எல்லாக் குலைவும் தரைவரை இறங்குவதில்லை, குலைவையே இரண்டு வாரத்துக்கு முன்னால் பிடிப்பது கடினம். ஆர்க்டிக் வேகமாகச் சூடாவதால் குளிர் அலைகள் அதிகமாகின்றனவா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். குளிர்காலங்கள் சராசரியில் வெதுவெதுப்பாகி வருகின்றன, கடுங்குளிர் நாட்கள் குறைந்து வருகின்றன என்பதில் மட்டும் சண்டை இல்லை. கம்பளிப்புழுவின் உடலில் உள்ள பட்டையைப் பார்த்துக் குளிர்காலம் எப்படி என்று சொல்வது, பழைய பஞ்சாங்கப் பாணிக் கணிப்புகள், மூன்று கடுங்குளிர்காலம் அடுத்தடுத்து வராது போன்ற கணக்குகள் எல்லாம் சோதித்துப் பார்த்தால் காசு சுண்டுவதைவிட மேலாக இல்லை. அந்தக் கடைசிக் கணக்கை நம்பித்தான் ஜெர்மானிய வானிலை அறிஞர் ஃபிரான்ஸ் பவுர் 1941-42 குளிர்காலம் இயல்பாகவோ மிதமாகவோ இருக்கும் என்றார். வந்தது ஐரோப்பாவின் அந்த நூற்றாண்டிலேயே மிகக் கொடிய குளிர்காலங்களில் ஒன்று.

இதையெல்லாம் தாண்டி, உங்கள் வீட்டுக்கு மிக முக்கியமானது டெக்சாஸில் 2021 பிப்ரவரியில் நடந்தது. அது லா நினா ஆண்டு. அக்டோபரில் வந்த அதிகாரப்பூர்வ முன்கணிப்பு, அமெரிக்காவின் தென்பகுதிக்கு வழக்கத்தைவிட வெதுவெதுப்பான குளிர்காலத்துக்கே வாய்ப்பு அதிகம் என்றது. அது நியாயமான கணிப்புதான். பிப்ரவரி நடுவில் ஒரு வாரம் ஆர்க்டிக் காற்று இறங்கி, டாலஸில் மைனஸ் 19 டிகிரி ஆனது. எரிவாயுக் கிணறுகளும் மின்நிலையக் கருவிகளும் உறைந்தன, 45 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் போயிற்று. மாநில அரசின் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் உடல்வெப்பம் இழந்து இறந்தவர்கள், வீட்டுக்குள் அடுப்பும் ஜெனரேட்டரும் வைத்துக் கார்பன் மோனாக்சைடில் இறந்தவர்களும் உண்டு. மூன்று மாதச் சராசரி எப்படிப் போனாலும் ஆளைக் கொல்வது ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தைப் பற்றி மூன்று மாத முன்கணிப்பு எதுவும் சொல்வதில்லை. ஆனால் வாராந்திர முன்கணிப்பு அந்தக் குளிரை நாட்கணக்கில் முன்பே சொன்னது.

எனவே முடிவுகளைக் கால அளவுப்படி பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று மாத முன்கணிப்பு, மொத்தமாகச் சேர்ந்து வரும் செலவுகளுக்கு உதவும். சூடாக்க ஆகும் எரிபொருளும் மின்கட்டணமும் சராசரி வெப்பநிலையோடு சேர்ந்து ஏறி இறங்கும், அதனால் பத்து இருபது குளிர்காலங்களில் பார்த்தால் 45 சதவீதச் சாய்வுகூட பயன் தரும். பெரிய பண்ணைகளும் மின்வாரியங்களும் அதற்காகத்தான் அதைப் பார்க்கின்றன. பாதுகாப்பு ஏற்பாடுகளை உங்கள் பகுதியில் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் வந்த மிக மோசமான வாரத்துக்கு ஏற்றபடி செய்யுங்கள், அந்தத் தகவல் வானிலை அலுவலகப் பதிவுகளில் கிடைக்கும். ஒரு முன்னெச்சரிக்கைக்கு ஆகும் செலவைப்போல் இருபது மடங்கு இழப்பை அது தடுக்குமானால், ஆபத்து வர 5 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தாலே அதைச் செய்வது லாபம். எந்த மிதமான முன்கணிப்பும் அந்த வாய்ப்பை 5-க்குக் கீழே கொண்டுபோவது அரிது. ஜனவரிப் பயணத்துக்கு, தேதி மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். பத்து நாள் இருக்கும்போது முன்கணிப்பைப் பார்க்கத் தொடங்கி, ஐந்து நாள் இருக்கும்போது முடிவு எடுங்கள், கிளம்பும் முன் அதிகாரப்பூர்வ எச்சரிக்கையை மறுபடி பாருங்கள். இன்றைய ஐந்து நாள் கணிப்பு உண்மையிலேயே நல்ல தரம்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நான் வானிலைக்காரன் மட்டுமே, மருத்துவன் அல்ல. ஆனால் குளிர் எப்படி ஆளைத் தாக்குகிறது என்பது எங்கள் எச்சரிக்கைப் பணியின் ஒரு பகுதி. 13 நாடுகளில் 7.4 கோடி மரணங்களை ஆராய்ந்து 2015-ல் வெளிவந்த ஆய்வில், 7.29 சதவீத மரணங்களுக்குக் குளிரும் 0.42 சதவீதத்துக்கு வெப்பமும் காரணம் என்று வந்தது. குளிர் மரணங்களில் பெரும்பகுதி பனிப்புயல் நாட்களில் நேரவில்லை, சாதாரணமாகக் குளிர்ந்த நாட்களில் நேர்ந்தவை. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும், மாரடைப்பும் பக்கவாதமும் நுரையீரல் தொற்றும் கூடும். அதனால் ‘மிதமான குளிர்காலம்’ என்று கேட்டு அவர் அறையின் சூட்டைக் குறைத்துவிடாதீர்கள். வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், முதியவர்களுக்கு அதற்கு மேலே வைப்பது நல்லது. அவர் இருக்கும் அறையில், உட்காரும் உயரத்தில், ஒரு சாதாரண வெப்பமானியை மாட்டிவையுங்கள். வயதானவர்களுக்குக் குளிர் உறைப்பது குறையும். ‘எனக்கொன்றும் குளிரவில்லை’ என்பதை அளவாக எடுத்துக்கொள்ள முடியாது.

உடல்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. அது அறிவிப்போடு வருவதில்லை. சட்டைப் பொத்தானைப் போட விரல் தடுமாறும், பேச்சு குழறும், கேட்டதற்குப் பதில் தாமதமாகவோ சம்பந்தமில்லாமலோ வரும், தூக்கம் தூக்கமாக வரும். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்தினால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள், நிலைமை மோசமாகியிருக்கிறது. உடனே அவசர உதவியை அழைத்து, ஈரத்துணி இருந்தால் மாற்றி, மார்பையும் வயிற்றையும் முதலில் சூடேற்றுங்கள். கை கால்களைத் தேய்க்க வேண்டாம், மது கொடுக்கக் கூடாது. உறைபனியில் விரல் வெளுத்து மரத்துப்போயிருந்தாலும் தேய்க்காமல், மறுபடி உறையாது என்ற இடத்துக்கு வந்த பிறகு 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். எல்லோரும் ஒரே அறையில் கூடி, கதவிடுக்குகளைத் துணியால் அடைத்து, பல மெல்லிய அடுக்குகளாக உடுத்துவது ஒரு தடித்த கோட்டைவிட நன்றாகக் காக்கும். கரி அடுப்பு, கேஸ் அடுப்பு, ஜெனரேட்டர் எதையும் அறையைச் சூடாக்க உள்ளே கொண்டுவரவே கூடாது. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலைவலியும் குமட்டலும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் காரணம் யோசித்துக்கொண்டிருக்காமல் வெளியே வந்துவிடுங்கள். அதைக் கண்டறியும் பேட்டரிக் கருவி ஒன்றை வாங்கிப் பொருத்துவது, இந்தப் பதிலில் நான் சொல்லும் எல்லாவற்றிலும் முதலில் செய்ய வேண்டியது.

உறையும் நீர் சுமார் 9 சதவீதம் விரியும், குழாய் வெடிப்பது அதனால்தான். வெளிச்சுவர்க் குழாய்களுக்கு உறை போட்டு, கடுங்குளிர் இரவில் குழாயைச் சொட்டவிடுங்கள், பிரதான வால்வு எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டிவையுங்கள். ‘உணரும் குளிர்’ என்று செய்தியில் சொல்லும் எண் தோலுக்கு மட்டுமே: மைனஸ் 10 டிகிரியில் 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் முகத்துக்கு அது மைனஸ் 20 போல, ஆனால் குழாய் மைனஸ் 10-க்குக் கீழே போகாது. பனி அள்ளும் வேலையை இதயநோய் உள்ளவர்களிடம் விடாதீர்கள். அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரைகள் குளிர்காலத்தில் மாற வேண்டுமா, எத்தனை நாள் மருந்து கையிருப்பில் வேண்டும், மின்சாரம் போனால் அவர் மருத்துவக் கருவி எதுவும் நிற்குமா என்ற மூன்றையும் குளிர் தொடங்குவதற்கு முன்பே அவருடைய மருத்துவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.